இருவர் மீன்பிடிக்க ஒரு படகு: கயாக்கா, ஃபைபர் வள்ளமா? வாங்கும் முன் படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புன்னைக்காயல் பக்கத்துக் காயலில் நானும் மச்சானும் காற்றடித்த கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) ஒன்றிலிருந்து கவிழ்ந்தோம். ஆள் மூழ்கும் ஆழம். இருவரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் உயிருக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் திரும்ப ஏறுவதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது. நான் ஏறினால் படகு என் பக்கம் சாய்ந்து மறுபடி கவிழும். மச்சான் ஏறினால் அவர் பக்கம் கவிழும். இரண்டு ராடும் தூண்டில் பெட்டியும் அடியில் போய்விட்டன. படகில் எந்தப் பழுதும் கிடையாது. எங்கள் இருவரின் எடைக்கு அது போதாத படகு, அவ்வளவுதான். கடையில் எடை கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று படகில் ஏறி இறங்கிப் பார்த்து, ஒன்றை வாங்கி, இப்போது மாதம் இரண்டு முறையாவது போய்க்கொண்டிருக்கிறோம். இருவருக்காகப் படகு தேடுகிறவர்கள் எங்களைப்போல் தண்ணீரில் விழுந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நீளம், நிறம், இருக்கை எல்லாம் பிறகு. இரண்டு பேரும் சேர்ந்து தூக்க முடிகிற, கவிழ்ந்தால் இரண்டு பேரும் திரும்ப ஏற முடிகிற படகுதான் உங்கள் படகு. மற்ற எல்லாக் கேள்வியும் இந்த இரண்டுக்கும் அடுத்துத்தான்.

முதல் படி: எந்தத் தண்ணீர்?

படகைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். பத்துத் தடவை போனால் எட்டுத் தடவை எங்கே போவீர்கள் என்பதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். என்றைக்கோ ஒருநாள் கடலுக்குள் போகும் ஆசைக்காகப் படகு வாங்கினால் மீதி நாளெல்லாம் அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

ஏரி, அணைத் தேக்கம், குளம் என்றால் அகலமான, மெதுவான படகு போதும். விராலும் ஜிலேபியும் கரையோரப் புல்லில்தான் இருக்கும், தூரம் போக வேண்டியதில்லை. காயல், உப்பங்கழி என்றால் ஆழம் முழங்காலுக்கும் வரும், திடீரென்று இரண்டு ஆள் ஆழத்துக்கும் போகும். அலையாத்தி வேர், சிப்பி ஒட்டிய கல், சேறு எல்லாம் உண்டு. அடிப்பாகம் உராய்வைத் தாங்க வேண்டும். கடற்கரை என்றால் அலையை உடைத்துக்கொண்டு போய் அலையோடு திரும்பி வர வேண்டும், அங்கே நீளமும் அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், தூக்கலும் முக்கியம்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் கரை கிழக்கே பார்த்தது. தென்மேற்குப் பருவத்தில், மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை, கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். அப்போது கரையோரத்தில் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், பார்த்தால் போகத் தோன்றும். அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போனதும்தான் காற்றின் இழுப்பு தெரியும். திரும்பி வரும்போது அவ்வளவும் எதிர்காற்று. இரண்டு பேர் துடுப்புப் போடும் கயாக் சாதாரணமாக மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர்தான் போகும். எதிர்காற்றில் அதில் பாதிகூட மிஞ்சாது. அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு அதுதான் எல்லை.

இரண்டாவது படி: அந்த இரண்டாவது ஆள் யார்?

இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

எப்போதும் ஒரே ஆளோடுதான் போவீர்களா? அவரும் மீன்பிடிப்பாரா, அல்லது கூட வந்து உட்கார்ந்திருப்பாரா? பத்து வயதுப் பிள்ளையா, எண்பது கிலோ நண்பரா? ஒருவருக்கு வேலை வந்துவிட்டால் மற்றவர் தனியாகப் போவாரா? இருவரும் நன்றாகத் துடுப்புப் போடுகிறவர்கள், தனித்தனியாகப் போகவும் ஆசைப்படுகிறவர்கள் என்றால் இரண்டு ஒற்றைக் கயாக் வாங்குவதுதான் நல்லது. செலவு கூடும், காரில் இடமும் கூடுதலாக வேண்டும். ஆனால் ஒருவர் கவிழ்ந்தால் மற்றவர் பக்கத்தில் வந்து பிடித்துக்கொள்ளலாம். இருவர் படகில் கவிழ்ந்தால் இருவருமே தண்ணீரில்தான்.

பிள்ளையோடு, துணைவியோடு, நீச்சல் அவ்வளவாக வராதவரோடு போகிறவர்களுக்கு இருவர் படகே சரி. அவர்களைத் தனிப் படகில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூண்டில் போட முடியாது. நடு இருக்கை ஒன்று தனியாகப் பொருத்திக்கொள்ளக்கூடிய இருவர் கயாக்குகள் இருக்கின்றன. முன்பின் இருக்கையைக் கழற்றிவிட்டு நடுவில் உட்கார்ந்தால் ஒருவர் தனியாகவும் ஓட்டலாம். எனக்கும் மச்சானுக்கும் அதுதான் பொருந்தியது.

மூன்றாவது படி: எடையைக் கூட்டுங்கள்

ஒரு தாளை எடுத்து எழுதிக் கூட்டுங்கள், மனக்கணக்கு வேண்டாம். எங்கள் கணக்கு இது. நான் 78 கிலோ, மச்சான் 84, சேர்த்து 162. லைஃப் ஜாக்கெட் இரண்டும் 2. ராடு, ரீல், தூண்டில் பெட்டி எல்லாம் 6. குடிதண்ணீர் 5. ஐஸ் போட்ட பெட்டி 10. நங்கூரமும் கயிறும் 3. துடுப்புகள் 2. சாப்பாடு, சில்லறைச் சாமான் 2. பிடிக்கும் மீனுக்கு 5. இந்தச் சாமான் மட்டும் 35. ஆக மொத்தம் 197 கிலோ.

படகில் எழுதியிருக்கும் தாங்கும் எடை, மூழ்காமல் மிதக்கும் எடை என்று எண்ணுங்கள். அந்த எடையில் படகு வசதியாக ஓடும் என்பதற்கு உறுதி கிடையாது. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றினால் படகு தாழ்ந்து, உட்காரும் இடத்தில் தண்ணீர் நிற்கும், திசை திரும்ப மறுக்கும், சிறு அலைக்கே ஆடும். 197 கிலோவை முக்கால் பங்காக வைத்தால் எங்களுக்கு வேண்டியது 263 கிலோ தாங்கும் படகு. சந்தையில் இருவர் கயாக் என்று விற்கும் பன்னிரண்டு அடிப் படகுகளில் பல 200 முதல் 230 கிலோவரைதான் தாங்கும். காற்றடிக்கும் வகையில் மலிவாகக் கிடைக்கும் இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 படகின் எல்லை 180 கிலோ. ஒல்லியான இருவருக்கு ஏரியில் அது சரிப்படும், எங்களுக்கு ஐஸ் பெட்டி வைக்கும்போதே தாண்டிவிடும். இந்த ஒரு கணக்கிலேயே நாங்கள் பார்த்துவைத்திருந்த பட்டியலில் பாதி அடிபட்டுப் போனது.

நான்காவது படி: எந்த வகை?

மேலே உட்காரும் கெட்டிப் பிளாஸ்டிக் கயாக். மீன்பிடிக்க நம் தண்ணீருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உட்காரும் தளத்தில் அடிவரைக்கும் துளைகள் இருக்கும். மேலே ஏறும் தண்ணீர் தானாகவே வடிந்துவிடும், இறைக்க வேண்டியதில்லை. நம் கட்டுமரம் இதே வேலையைத்தான் செய்கிறது. மரங்களுக்கு நடுவே தண்ணீர் ஏறி இறங்கும், உள்ளே நிரம்புவதற்குப் பள்ளமே கிடையாது, அதனால்தான் அலையில் நிரம்பி மூழ்காது. நம் பெரியவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அறிவு பாலிஎத்திலீனில் வந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருக்கும். உள்ளே கால் நீட்டி உட்காரும் கயாக் வேறு வகை. கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும், ஆழத்தில் வைத்து அதை வடிப்பது பெரும்பாடு. குளிர் நாட்டுக்காரர்களுக்கு அது தேவை, நமக்குத் தேவையில்லை.

இந்த வகையில் இருவருக்கு 12 முதல் 14 அடி நீளமும் 33 முதல் 36 அங்குல அகலமும் பாருங்கள். எடை 30 முதல் 45 கிலோவரை வரும். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், வேகமும் குறையும். நீளம் கூடினால் நேராகப் போகும், ஆனால் அலையாத்திக்குள் திருப்புவது சிரமம். காயலுக்குப் பன்னிரண்டரை அடி எனக்குப் பிடித்திருக்கிறது.

காற்றடிக்கும் கயாக். மாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் காரில் கேரியர் இல்லாதவர்களுக்கும் இதுதான் வழி. பையில் மடித்துவைத்து லிஃப்டில் கொண்டுபோகலாம். வாங்கினால் தளமாவது அதிக அழுத்தம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் மேலடுக்கையும் கீழடுக்கையும் இழுத்துப் பிடித்திருக்கும், காற்றடித்தால் பலகைபோல் விறைத்து நிற்கும். டெக்கத்லான் கடையின் கயாக்குகளில் இந்த வகை உண்டு. சாதாரணக் காற்றுப்பை வகை நடுவில் தொய்யும், இரண்டு பேர் உட்கார்ந்தால் இன்னும் தொய்யும். கெளுத்தி முள்ளும் சிப்பியும் இதற்கு எதிரி. நல்ல தடிமனான துணி எளிதில் கிழியாது, ஆனால் ஒட்டும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். வெயிலில் கரையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் உள்ளே காற்று விரிந்து தையல் பிரியலாம். கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டுப் போங்கள்.

ஃபைபர் சிறு வள்ளம். 12 முதல் 14 அடி நீளத்தில், தட்டையான அடியோடு கட்டித் தரும் பட்டறைகள் கடலோர ஊர்களில் உண்டு. எழுந்து நிற்கலாம், நடக்கலாம், இருவர் வசதியாகத் தூண்டில் வீசலாம். மீன்பிடிக்க மட்டும் பார்த்தால் கயாக்கைவிட இதுவே மேல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நூறு கிலோவுக்குக் குறையாது, தலையில் வைத்துத் தூக்க முடியாது. கரையிலேயே நிறுத்த இடமும் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். கடலோர ஊரில் வீடு இருப்பவர்கள் இதையே வாங்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவந்து போகிறவர்கள் யோசியுங்கள்.

பரிசல் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஒகேனக்கல், காவிரிப் பக்கத்தில் ஆற்றுக்கு அருமையானது, எடையும் குறைவு. ஆனால் வட்டமாக இருப்பதால் காற்றில் சுழலும், நேராக ஓட்டுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

ஐந்தாவது படி: துடுப்பா, மிதியா, மோட்டாரா?

துடுப்பில் தொடங்குங்கள். 34, 36 அங்குல அகலப் படகுக்கு 240 முதல் 250 செ.மீ. நீளத் துடுப்பு வேண்டும். கடையில் படகோடு சேர்த்துக் கொடுக்கும் 220 செ.மீ. துடுப்பு இந்த அகலத்துக்கு எட்டாது. ஒவ்வொரு வீச்சுக்கும் கை படகின் ஓரத்தில் இடிக்கும்.

மிதிக்கும் வகை மீன்பிடிக்க மிகவும் வசதி, கை இரண்டும் தூண்டிலுக்கு மிஞ்சும். ஹோபி நிறுவனம் 1997-இல் மீனின் துடுப்புபோல் தண்ணீருக்கு அடியில் அசையும் மிதி அமைப்பைக் கொண்டுவந்த பிறகு இந்த வகை பரவியது. ஆனால் விலையும் எடையும் அதிகம், தண்ணீருக்குள் அரை மீட்டர் அளவுக்கு ஆழம் கேட்கும். கடல் வற்றும் நேரத்தில் காயலில் அந்த ஆழம் பல இடத்தில் இருக்காது.

பேட்டரி மோட்டாருக்குக் கணக்கு எளிது: படகும் ஆளும் சாமானும் சேர்ந்த ஒவ்வொரு 45 கிலோவுக்கும் 2 பவுண்டு தள்ளுவிசை. எங்கள் 197 கிலோவோடு படகும் பேட்டரியும் சேர்ந்தால் 250 தாண்டும், அதற்குப் பன்னிரண்டு பவுண்டு வருகிறது. ஆனால் எதிர்காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் 30 பவுண்டுக்குக் குறைந்து வாங்காதீர்கள். அந்த அளவு மோட்டார் முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கும். 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் கணக்குக்கு மூன்று மணி நேரம், நடைமுறையில் அதைவிடக் குறைவு. கார் பேட்டரி போன்ற ஈயப் பேட்டரி 25 கிலோவுக்கு மேல் இருக்கும், லித்தியம் பாஸ்பேட் வகை அதில் பாதிதான். மூன்றாவது படியில் போட்ட எடைக் கணக்கை இங்கே திரும்பப் போட வேண்டும். பேட்டரி தீர்ந்தாலும் துடுப்பால் கரை சேர முடிகிற தூரத்துக்கு மட்டும் போங்கள்.

மோட்டார் பொருத்தினால் சட்டத்திலும் படகின் இடம் மாறும். உள்நாட்டு நீர்வழிகளில் இயந்திரத்தால் ஓடும் படகுகளுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவைக் கேட்கிறது. கடலில் மீன்பிடிக்கும் படகுகளுக்கு 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. வாங்கும் முன்பே உங்கள் ஊர் மீன்வளத்துறை அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே இறங்குவதும் மீன்பிடிப்பதும் கூடாது.

ஆறாவது படி: வீட்டிலிருந்து தண்ணீர்வரை

நம் சின்னக் கார்கள் பெரும்பாலும் நான்கு மீட்டருக்குள்தான். 12 அடிப் படகு 3.66 மீட்டர், மேலே வைத்தால் அளவாக நிற்கும். 14 அடி என்றால் 4.27 மீட்டர், பின்னால் துருத்தும், சிவப்புத் துணி கட்ட வேண்டும். கார் கூரை எவ்வளவு தாங்கும் என்று காரோடு வந்த கையேட்டில் பாருங்கள். கவிழ்த்து வைத்து, அடியில் மெத்தைபோல் ஏதாவது போட்டுக் கட்டுங்கள். உச்சி வெயிலில் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் படகு கம்பி பட்ட இடத்தில் பள்ளமாகிவிடும்.

கடையிலேயே இருவரும் சேர்ந்து படகைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். போகும்போது எல்லாரும் தூக்குவார்கள். ஆறு மணி நேரம் வெயிலில் இருந்துவிட்டுத் திரும்பும்போது தூக்க முடியுமா என்பதுதான் கேள்வி. மணலில் இழுக்க அகலச் சக்கர வண்டி ஒன்று வாங்கினால் அந்தப் பணம் முதல் நாளிலேயே வசூலாகிவிடும்.

ஏழாவது படி: கவிழ்த்துப் பாருங்கள்

வாங்கும் முன் தண்ணீரில் ஓட்டிப் பார்க்க விடாத இடத்தில் வாங்காதீர்கள். பழைய படகானால் இன்னும் முக்கியம். பழைய படகில் அடித் துளைகளின் ஓரத்தைப் பாருங்கள், படகை இழுக்கும் சக்கர வண்டியின் கம்பி அழுத்திய விரிசல் அங்கேதான் வரும். நிறம் வெளுத்து, தேய்த்தால் சுண்ணாம்புபோல் கையில் ஒட்டினால் வெயில் பட்டு வலுவிழந்த பிளாஸ்டிக். வடிகால் மூடி வழியாக உள்ளே இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி, படகை இருபுறமும் சாய்த்துப் பாருங்கள். வெளியே எங்கே கசிகிறதோ அங்கே ஓட்டை.

அப்புறம், கவிழ்ப்பது. கழுத்தளவு அமைதியான தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டு, கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வேண்டுமென்றே கவிழுங்கள். படகு தலைகீழாகிவிட்டால் ஒருவர் அடிப்புறத்தின் மேல் எட்டி மறு ஓரத்தைப் பிடித்துத் தன் எடையால் இழுக்க வேண்டும், புரண்டு நிமிரும். பிறகு ஒருவர் எதிர்ப்பக்க ஓரத்தைப் பிடித்து அழுத்திக்கொள்ள, மற்றவர் நடுப்பகுதியில் கால்களைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு உதைத்துக் கொண்டுவந்து, வயிற்றால் படகின் மேல் வழுக்கி ஏற வேண்டும். ஏறியதும் குப்புறப் படுத்தபடியே இருக்க வேண்டும். பிறகு மெதுவாகப் புரண்டு உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் சாய்ந்து எடை கொடுத்தால் இரண்டாமவர் ஏறலாம். முதலில் ஏற வேண்டியவர் கனமானவரா, இலேசானவரா என்று செய்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் படகில் மச்சான் முதலில் ஏறினால் சரியாக வருகிறது. ஐந்து தடவை செய்து ஐந்திலும் இருவரும் ஏறிவிட்டால் அந்தப் படகை வாங்குங்கள். இல்லையென்றால் எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எட்டாவது படி: யார் முன்னால், யார் பின்னால்

கனமானவர் பின்னால். அணியம் லேசாகத் தூக்கியிருந்தால்தான் படகு சொன்னபடி போகும். முன்னால் இருப்பவர் துடுப்பின் தாளத்தைத் தீர்மானிக்கிறார், பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்கிறார். இதை முன்பே பேசி வைக்காவிட்டால் இரண்டு துடுப்பும் மோதிக்கொண்டே இருக்கும்.

தூண்டில் வீசுவதில்தான் கவனம் வேண்டும். இரண்டு இருக்கைக்கும் நடுவே நான்கைந்து அடிதான், ராடு ஆறேழு அடி. முன்னால் இருப்பவர் தலைக்கு மேல் பின்வாங்கி வீசினால் மூன்று கொக்கி வைத்த லூர் (போலி இரை) பின்னால் இருப்பவர் முகத்துக்கு நேராக வரும். அதனால் முன்னவர் எப்போதும் பக்கவாட்டில், தண்ணீரை ஒட்டி வீச வேண்டும். ஒருவர் இடப்புறம், மற்றவர் வலப்புறம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மீன் மாட்டினால் மற்றவர் உடனே தங்கூசியை (தூண்டில் நரம்பை) சுற்றி எடுத்துவிட்டுத் துடுப்பைப் பிடிக்க வேண்டும். கொடுவா படகுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் பாயும்போது இரண்டு தங்கூசியும் சிக்கினால் மீனும் போகும், படகும் ஆடும். ஒரே பக்கம் இருவரும் ஒரே நேரத்தில் சாய்வதுதான் கவிழ்வதற்கு முதல் காரணம். மீனை அள்ள வலைக்கரண்டி போடுபவர் மட்டும் சாய, மற்றவர் எதிர்ப்பக்கம் எடை கொடுக்க வேண்டும்.

நீலமும் பச்சையும் கண்ணுக்கு அழகாக இருந்தாலும் ஆரஞ்சு, மஞ்சள் நிறப் படகையே எடுங்கள். விசைப்படகும் ஃபைபர் போட்டும் வேகமாக வரும் இடத்தில் நாம் தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம். லைஃப் ஜாக்கெட்டில் மிதக்க வைக்கும் விசை 50 நியூட்டன் என்று எழுதியிருந்தால் நீந்தத் தெரிந்தவருக்கு, அதுவும் உதவி பக்கத்தில் இருக்கும் இடத்தில். நீச்சல் வராதவருக்கு 100 நியூட்டன் வாங்குங்கள். விசிலும், நீர்புகாத உறையில் போட்ட போனும் உடம்பில் கட்டியிருக்க வேண்டும், படகில் அல்ல. கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் போனில் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

கரையில் வலை காய வைக்கும் அண்ணாச்சிகளிடம் கேட்காமல் புதிய இடத்தில் இறங்க வேண்டாம். “தம்பி, வத்தம் இழுக்கிற நேரத்துல முகத்துவாரத்துப் பக்கம் போயிராதீங்க” என்று ஒரு பெரியவர் எங்களுக்குச் சொன்னது எந்த வானிலைச் செயலியிலும் இல்லை. வத்தம் என்றால் கடல் வற்றுவது. ஆற்றுத் தண்ணீர் வெளியே பாய, கடல்காற்று உள்ளே தள்ள, அந்த இடத்தில் அலை செங்குத்தாக எழும். அவர்கள் வலை போட்ட மிதவைக்குக் குறுக்கே போகாதீர்கள், அது அவர்களுடைய அன்றைய சோறு.

முதல் மூன்று தடவை ராடு இல்லாமல் போங்கள். துடுப்பு, காற்று, திரும்பும் தூரம் மூன்றும் பழகட்டும். ராடு வைக்கும் குழாய், மீன்காட்டி, பெட்டிக் கொக்கி என்று வாங்கிவைத்திருப்பதையெல்லாம் பொருத்த அவசரப்பட்டுப் படகில் துளை போடாதீர்கள். ஐந்தாறு பயணம் போன பிறகு கை எங்கே தானாக நீள்கிறது, முழங்கை எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அப்போது இருவரும் இருக்கையில் உட்கார்ந்தபடியே கரிக்கட்டையால் குறி போட்டு, ஒருநாள் முழுக்க அந்தக் குறியோடு ஓட்டிப் பார்த்துவிட்டு டிரில்லரை எடுங்கள்.